டிஷ்வாஷர்ல ஈ-15 கோடு: ஆஃப் பண்ணாலும் மோட்டார் நிக்கல

மீனா (மடிப்பாக்கம்):

வணக்கம். எங்க வீட்டு டிஷ்வாஷர் மக்கர் பண்ணுது, விவரம் தெரிஞ்சவங்க வழி சொல்லணும். தனியா நிக்கற மாடல், 13 செட் பாத்திரம் புடிக்கும். வாரண்டி முடிஞ்சிருச்சு.

ராத்திரி சாப்பாடு முடிச்சு எல்லாத்தையும் அடுக்கி ஓட விட்டா, கொஞ்ச நேரத்துல ஈ-15னு காட்டி நின்னுடுது. பக்கத்துல குழாய் படம் ஒண்ணு எரியுது. மெஷின் நின்னாலும் அடியில ஒரு மோட்டார் மட்டும் உர்ர்னு ஓடிக்கிட்டே இருக்கு. பட்டனை அமுக்கி ஆஃப் பண்ணாலும் அது நிக்கல. சுவத்து சுவிட்சை அணைச்சாத்தான் அடங்குது. திரும்பப் போட்டா உடனே அதே கோடு, அதே சத்தம்.

எனக்குப் புரியாதது என்னன்னா, கிச்சன் தரையில ஒரு சொட்டுத் தண்ணி கிடையாது. கதவைத் திறந்து பார்த்தா உள்ளயும் தண்ணி தேங்கல. ஃபில்டரைக் கழட்டிக் கழுவிட்டேன். ஒண்ணும் மாறல.

சர்வீஸுக்கு வந்தவர் கதவைத் திறந்து மூடினார், பட்டனை அமுக்கிப் பார்த்தார், "போர்டு போயிருச்சும்மா, மாத்தணும், 14,500 ஆகும்"னு சொல்லி விசிட் சார்ஜ் வாங்கிட்டுக் கிளம்பிட்டார். அடியில எதையும் கழட்டல.

எங்க அத்தைக்கு ரெண்டு கையிலயும் முடக்குவாதம். அவங்க பாத்திரம் தேய்க்க வேணாம்னுதான் இந்த மெஷினையே வாங்கினோம். இப்ப நான் ஆபீஸ்ல இருந்து வர்றதுக்குள்ள அவங்களே தேய்ச்சுக் கவுத்து வெச்சிடறாங்க, ராத்திரி முழுக்க விரல் வலிக்குதுன்னு முழிச்சுக்கிட்டு இருக்காங்க. பார்க்கவே முடியல. 14,500 குடுத்து போர்டு மாத்தினா நிச்சயம் சரியாகுமா? அதுக்கு முன்னாடி பார்க்க வேண்டியது ஏதாவது இருக்கா?

கோவை மணியன்:

அக்கா, எங்க வீட்லயும் போன தீபாவளி சமயத்துல கோடு வந்து நின்னுச்சுங்க. எங்களுக்கு வந்தது ஈ-24. உள்ள பார்த்தா கழுவின அழுக்குத் தண்ணி அப்படியே நின்னுச்சு. ஃபில்டரைக் கழட்டிட்டு, அதுக்குக் கீழ ஓரமா இருக்கற சின்ன வெள்ளை மூடியை ஸ்பூன் காம்பால நெம்பி எடுத்தேன். உள்ள பம்ப்போட இறக்கை தெரியும். அதுல ஒரு புளியங்கொட்டையும் கறிவேப்பிலை ஈர்க்கும் சிக்கியிருந்துச்சு. எடுத்துப் போட்டதும் ஓடிருச்சுங்க. பிளக்கைப் புடுங்கிட்டுப் பாருங்க, உடைஞ்ச கண்ணாடித் துண்டுகூட கிடக்கும், விரலை நேரா விடாதீங்க. உங்களுக்கும் அதுவா இருக்கலாம்.

திருச்சி ஸ்பேனர்:

மீனாம்மா, போர்டுக்கு இப்ப காசு குடுத்துடாதீங்க.

மணியன் தம்பி சொன்னது நல்ல வேலை, எல்லாரும் தெரிஞ்சு வெச்சுக்க வேண்டியது. ஆனா அது தண்ணி வெளிய போகாத கோளாறுக்கு. உங்களோடது வேற. இந்தக் கோடு காட்டற மெஷினுங்களோடதான் எனக்குப் பொழப்பு, முன்னாடி கம்பெனி சர்வீஸ்ல, இப்ப சொந்தமா. அதனால கொஞ்சம் விளக்கமாவே சொல்றேன்.

பாத்திரம் அடுக்கற ஸ்டீல் தொட்டிக்குக் கீழ, நம்ம கண்ணுக்குத் தெரியாம ஒரு பிளாஸ்டிக் தட்டு இருக்கு. பம்ப்பு, ஹீட்டர், பைப்பு, ஒயரு எல்லாம் அந்தத் தட்டுலதான் உக்கார்ந்திருக்கும். அந்தத் தட்டு எப்பவும் காஞ்சு கிடக்கணும். அதோட ஒரு மூலையில தெர்மாகோல் மிதவை ஒண்ணு, மேல ஒரு குட்டி மைக்ரோ சுவிட்ச். எங்கயாவது ஒழுகித் தட்டுல தண்ணி சேர்ந்தா மிதவை மேல ஏறும், சுவிட்ச்சைத் தட்டும். உடனே மெஷின் உள்ள வர்ற தண்ணியை அடைச்சிட்டு, வெளிய தள்ளற பம்ப்பை விடாம ஓட்டும். உங்க கிச்சன் வெள்ளக்காடா ஆகாம இருக்கத்தான் இந்த ஏற்பாடு. தரை காஞ்சிருக்குன்னா அந்தத் தட்டு தண்ணியைப் புடிச்சு வெச்சிருக்குன்னு அர்த்தம்.

ஆக, உங்க போர்டு சரியாத்தான் வேலை செய்யுது. போர்டு செத்திருந்தா இந்தச் சத்தமே வராது.

இதுல நிறைய பேர் குழம்பற இடம் ஒண்ணு இருக்கு. அந்தப் பம்ப் தொட்டித் தண்ணியைத்தான் இறைக்கும். அடித்தட்டுக்கும் அதுக்கும் சம்பந்தமே கிடையாது. மணிக்கணக்கா ஓடினாலும் தட்டுல இருக்கற தண்ணி அப்படியேதான் இருக்கும். நாமளே எடுக்கணும். சிலர் பிளக்கைப் புடுங்கி ஒரு வாரம் போட்டு வெச்சிருப்பாங்க, தண்ணி காஞ்சு கோடு போயிடும், தானா சரியாயிருச்சுன்னு நம்பி ஓட்டுவாங்க. ஒழுகற இடம் அப்படியே இருக்கும், திரும்ப வரும்.

இப்ப செய்ய வேண்டியது: சுவிட்சை மட்டும் அணைச்சாப் பத்தாது, பிளக்கையே வெளிய எடுங்க. தண்ணிக் குழாயை மூடுங்க. மெஷினோட கதவுக்குக் கீழ தரையை ஒட்டி ஒரு பலகை இருக்கும், அதுல ரெண்டு இல்ல நாலு ஸ்க்ரூ. ஆறு முனை நட்சத்திரத் தலை, கடையில டார்க்ஸ்னு கேளுங்க, டி-20 சைஸ் பெரும்பாலும் பொருந்தும். அதைக் கழட்டிட்டு டார்ச் அடிச்சுப் பாருங்க. துடைக்கிறதுக்கு முன்னாடி எனக்கு நாலு விஷயம் வேணும்.

தட்டுல தண்ணி இருக்கா, இருந்தா என்ன நிறம்? ஒரு வெள்ளை டிஷ்யூல தொட்டுப் பாருங்க. எண்ணெய்ப் பசை இருக்கா, சோப்பு வழவழப்பு இருக்கா, வாசனை என்ன?

கோடு எந்தக் கட்டத்துல வருது? தண்ணி உள்ள புடிக்கும்போதா, தெளிச்சுக் கழுவும்போதா, கழுவின தண்ணியை வெளிய தள்ளும்போதா?

மாத்திரை போடறீங்களா, பவுடரா? யாராவது கைல பாத்திரம் தேய்க்கற லிக்விடை உள்ள ஊத்தினாங்களா? அது நுரைச்சு எங்கேயும் வழியும்.

மெஷினோட பின்பக்கம் சுவத்துல பைப் போறதுக்கு ஓட்டை இருக்கா, மூடியிருக்கா?

சாய்ச்சு ஊத்துங்கன்னு பல வீடியோவுல காட்டறாங்க. ரெண்டு பேர் புடிச்சுப் பின்பக்கமாச் சாய்ச்சா தண்ணி வரும்தான். ஆனா அப்படிச் செஞ்சா எங்க ஒழுகிச்சுங்கற தடயமும் சேர்ந்து போயிடும், ஒயர் கனெக்‌ஷன் மேலயும் தண்ணி படும். எனக்கு அது புடிக்காது. பழைய துணியால ஒத்தி எடுங்க.

மீனா (மடிப்பாக்கம்):

ரொம்ப நன்றி அண்ணா. ஸ்க்ரூ டிரைவர் மேடவாக்கத்துல ஹார்டுவேர் கடையில கிடைச்சுது. என் வீட்டுக்காரர் பலகையைக் கழட்டினார். நீங்க சொன்ன மாதிரியே தட்டுல தண்ணி. வெள்ளை மிதவை மேல தூக்கிக்கிட்டு நிக்கறது கண்ணுக்கே தெரிஞ்சுது. பார்த்ததும் எனக்குப் பெரிய நிம்மதி.

தண்ணி கலங்கல். டிஷ்யூல மஞ்சளா ஒட்டுச்சு, மேல எண்ணெய்ப் படலம். சாம்பார் ஊசின வாசனை.

துணியால முழுக்க ஒத்தி எடுத்துட்டு, பலகையைப் போடாமலே திரும்ப ஓட்டினோம். தண்ணி புடிச்சுது, ஒண்ணும் ஆகல. தெளிச்சுக் கழுவுச்சு, ஒண்ணும் ஆகல. முதல் தடவை வெளிய தள்ளினப்ப டார்ச்ல பார்த்தா இடது பக்கம் பின்னாடி இருந்து தட்டுல தண்ணி ஓடி வருது. அடுத்த தடவை தள்ளும்போது கோடு வந்திருச்சு. இன்னொண்ணு, ஒரு நாள் மெஷினை ஓட்டவே இல்ல, காலையில எழுந்து பார்த்தா தானா சத்தம் போட்டுக்கிட்டு இருந்துச்சு. அது ஏன்னு இன்னும் புரியல.

மாத்திரைதான் போடறோம். லிக்விட் யாரும் ஊத்தல, அத்தைகிட்டயும் கேட்டுட்டேன். பின்பக்கம் ஓட்டை இருக்கு, டிரெயின் பைப் வெளிய போறதுக்காகக் குடைஞ்சது. பைப்பைவிட ஓட்டை பெருசு. நாங்க தரைத்தளம்.

பாலா (துரைப்பாக்கம்):

தட்டுல தண்ணி கொஞ்சம்தான் வருதுன்னா, அந்த மிதவை சுவிட்ச்சோட கனெக்டரைக் கழட்டி விட்டுட்டு ஓட்டலாம். கோடு வராது. ஒரு வீடியோவுல அப்படித்தான் செஞ்சு காட்டினாங்க. அவசரத்துக்கு ஆகுமே, அத்தைக்கும் உடனே உதவியா இருக்கும்.

திருச்சி ஸ்பேனர்:

பாலா, நல்ல மனசுல சொல்றீங்கன்னு தெரியுது. ஆனா தயவுசெஞ்சு அதை யாரும் செய்யக் கூடாது. தட்டுல என்னென்ன இருக்குன்னு மேல எழுதியிருக்கேன். ஹீட்டர் மட்டும் ஏறக்குறைய 2,000 வாட் இழுக்கும். அதோட முனைகள் தட்டுக்குக் கொஞ்சம் உயரத்துலதான் இருக்கு. மிதவை இருக்கற வரைக்கும் தண்ணி அங்க ஏறாது. மிதவையை ஏமாத்தினா தண்ணி ஏறும், கரண்டு இருக்கற இடத்தைத் தொடும், ஸ்டீல் பாடியைத் தொடறவங்க கையில அடிக்கும். வீட்ல கை வலியோட ஒரு பெரியம்மா ஈரக் கையோட அந்தக் கதவைத் திறக்கப் போறாங்க. அந்த வீடியோவை எடுத்தவர் இதை யோசிக்கல.

மீனாம்மா, நீங்க குடுத்த விவரம் தங்கம். சர்வீஸுக்கு வந்தவர் குனிஞ்சு இதைப் பார்த்திருந்தா அன்னைக்கே முடிஞ்சிருக்கும். 14,500 ரூபாய் சும்மா வர்ற காசில்ல. அடிப்பலகையைக் கழட்டாம போர்டு மாத்தச் சொன்னா எனக்கு வயிறு எரியுது.

கோடு, தண்ணி எங்க வந்து சேர்ந்திருக்குன்னு மட்டும்தான் சொல்லும். எங்க இருந்து வந்துச்சுன்னு சொல்லாது. அதைத் தண்ணிகிட்டதான் கேக்கணும்.

தட்டுல இருக்கற தண்ணி பளிச்சுனு, வாசனை இல்லாம இருந்தா அது இன்னும் பாத்திரத்தையே தொடாத தண்ணி. உள்ள வர்ற வழியில ஒழுகுது. இன்லெட் வால்வு, அதோட கிளிப்பு, இல்ல பக்கவாட்டுல இருக்கற தட்டையான பிளாஸ்டிக் தண்ணிப் பெட்டி. குழாயில இருந்து வர்ற தடிமனான இன்லெட் ஹோஸ் சில மாடல்ல ரெட்டைக் குழாயா இருக்கும். உள்குழாய் ஓட்டையானா வெளிக்குழாய் வழியா வந்து இதே தட்டுலதான் விழும். அந்த ஹோஸோட குழாய்முனையில பெட்டி மாதிரி இருந்தா அதுக்குள்ள கரண்டு ஓடுது. வெட்டறது, நீளம் குறைக்கறது, தண்ணியில முக்கறது எதுவும் கூடாது.

சோப்பும் நுரையுமா இருந்து, தெளிச்சுக் கழுவற நேரத்துல ஒழுகினா தொட்டியோட அடிக்கிண்ணத்து ரப்பர், சுத்தற பம்ப்போட சீல், கதவு ரப்பர் இதெல்லாம் பார்க்கணும். இன்னொண்ணும் உண்டு. கீழ சுத்தற தெளிப்பான் கை ரெண்டு பிளாஸ்டிக்கை ஒட்டிச் செஞ்சது. அது ஓரத்துல பிளந்தா தண்ணி கதவோட கீழ்விளிம்புல நேரா அடிச்சு வெளிய கசியும். ரப்பரை மாத்தி மாத்திச் சலிச்சவங்க வீட்டுக்குப் போய் அந்தக் கையை மட்டும் மாத்தி சரி பண்ணியிருக்கேன்.

உங்களுக்கு வந்தது அழுக்குத் தண்ணி. புடிக்கும்போதும் ஒழுகல, கழுவும்போதும் ஒழுகல. வெளிய தள்ளும்போது மட்டும் ஒழுகுது. அப்ப டிரெயின் பம்ப்புக்கு அந்தப் பக்கம்தான் ஓட்டை. பம்ப்போட வாய், அதுல மாட்டியிருக்கற கிளிப், இல்ல டிரெயின் ஹோஸ். பம்ப் தள்ளற அழுத்தம் இருக்கும்போது மட்டும்தான் அங்க தண்ணி வேகமாப் பீச்சும்.

ஓட்டாமலே காலையில சத்தம் வந்ததுக்கும் இதுதான் காரணம். டிரெயின் முடிஞ்சாலும் ஹோஸோட மேடான பாகத்துல கொஞ்சம் தண்ணி நிக்கும், அது ராத்திரி பூரா சொட்டுச் சொட்டா இறங்கி மிதவையைத் தூக்கியிருக்கு. ஒருவேளை உங்க சிங்க் பைப்புல அடைப்பு இருந்து, அந்தத் தண்ணியும் டிரெயின் ஹோஸ் வழியா எதுத்து வந்திருக்கலாம். சிங்க்ல ஒரு பாத்திரம் தண்ணி ஊத்தி வேகமா இறங்குதான்னு பாருங்க.

தரைத்தளம், பைப்பைவிடப் பெரிய ஓட்டைன்னு சொன்னதுமே எனக்கு ஒரு சந்தேகம் வந்திருச்சு. மழைக்காலம் ஆரம்பிச்சா மெட்ராஸ்ல தாழ்வான ஏரியா எல்லாத்துலயும் எலி வளையை விட்டு வீட்டுக்குள்ள ஏறும். மெஷினோட அடியில கதகதப்பு, இருட்டு, சாப்பாட்டு வாசனை மூணும் இருக்கு. இடது பக்கத் தகட்டைக் கழட்டுங்க. பின்பக்க ஓரத்துல ஸ்க்ரூ இருக்கும். பிளக் வெளிய இருக்கான்னு இன்னொரு தடவை பார்த்துக்கங்க. தகட்டு விளிம்பு கத்தி மாதிரி இருக்கும், கிளவுஸ் போட்டுக்கங்க. டிரெயின் ஹோஸ் சாம்பல் நிறத்துல வளையம் வளையமா இருக்கும், பம்ப்புல இருந்து ஆரம்பிச்சு முழு நீளத்துக்கும் கையால தடவிப் பாருங்க. கண்ணுக்குத் தெரியாத கீறல் விரலுக்குத் தெரியும்.

மீனா (மடிப்பாக்கம்):

அண்ணா, எலிதான்!

இடது பக்கத் தகட்டைக் கழட்டினதும் புழுக்கை கொட்டுச்சு. மூலையில பஞ்சும் கிழிஞ்ச பால் கவரும் சேர்த்து ஒரு கூடு கட்டி வெச்சிருக்கு. டிரெயின் ஹோஸ்ல தட்டுக்குக் கொஞ்சம் மேல, ரெண்டு வளையத்துக்கு நடுவுல பல் தடம் வரிசையா இருக்கு. ஒரு இடத்துல சுண்டுவிரல் நகம் போற அளவுக்கு ஓட்டை. நேரா பார்த்தா தெரியல, நீங்க சொன்ன மாதிரி தடவினப்பதான் விரல்ல மாட்டுச்சு.

பக்கத்துல போற ஒயர் கட்டுல ஒரு ஒயரோட மேல் தோலும் சொரண்டியிருக்கு. உள்ள செம்பு தெரியல, ஆனா தோல் மெலிசாகியிருக்கு. இன்சுலேஷன் டேப் சுத்தி விடலாமா? ஹோஸுக்கு எம்-சீல் போட்டு இப்போதைக்கு ஓட்டலாமான்னு வீட்டுக்காரர் கேக்கறார்.

கோவை மணியன்:

அட, எலியா! எங்க வீட்லயும் பின்னாடி ஓட்டை அப்படியேதான் இருக்குதுங்க. நாளைக்கே அடைச்சுடறேன். அண்ணா, அடைக்கறதுக்கு எது நல்லது? துணி வெச்சா போதுமா?

திருச்சி ஸ்பேனர்:

மீனாம்மா, எம்-சீல் வேணாம். வளைய ஹோஸ் ஒவ்வொரு தடவை தண்ணி தள்ளும்போதும் அசையும், சுடுதண்ணியும் போகும். எம்-சீல் கல்லு மாதிரி இறுகி நிக்கும், ஹோஸ் அசையும், ரெண்டும் புடிச்சுக்காது. செல்லோ டேப், ரப்பர் டியூப் சுத்தறதும் அப்படித்தான். முழு ஹோஸையே மாத்துங்க. இது விலை அதிகமான பார்ட் இல்ல. மெஷின் கதவோட உள்விளிம்புல ஒட்டியிருக்கற ஸ்டிக்கரை போட்டோ எடுத்து, மாடல் நம்பரோட ஸ்பேர்ஸ் கடையில காட்டுங்க. வாஷிங் மெஷின் ஹோஸை வெட்டி மாட்டலாம்னு யாராவது சொன்னா ஒத்துக்காதீங்க. பம்ப் முனையில உக்கார்ற ரப்பர் வாய் வேற அளவுல இருக்கும், அங்கேயே திரும்ப ஒழுகும்.

ஒயர் விஷயத்துல டேப்பை நம்ப வேணாம். அந்த இடம் சூடும் ஈரமுமா இருக்கும், டேப்போட பசை உருகி நழுவிடும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அந்த ஒயரைச் சரியான தடிமன்ல புதுசாப் போடச் சொல்லுங்க. சூட்டுல சுருங்கற ஸ்லீவ் அவர்கிட்ட இருக்கும். கட்டு முழுக்க வேற எங்கேயும் கடி இருக்கான்னு அவரே பார்க்கட்டும். அவர் வரும்போது உங்க மெயின் போர்டுல ஆர்சிசிபி இருக்கான்னு கேளுங்க, சில பேர் இஎல்சிபின்னு சொல்லுவாங்க, கரண்டு கசிஞ்சா லைனைத் தானா துண்டிக்கற சுவிட்ச் அது. இருந்தா அதுல இருக்கற டெஸ்ட் பட்டனை அமுக்கினா டப்புனு விழணும். விழலன்னா அதை மாத்துங்க. இந்த மெஷினுக்காக மட்டும் சொல்லல, உங்க வீட்ல கீசரும் இருக்கும்ல.

புது ஹோஸ் மாட்டினதும் உடனே தகட்டை மூடாதீங்க. தட்டை நல்லாத் துடைச்சு, மிதவையை விரலால மெதுவா மேல தூக்கி விடுங்க, தானா கீழ விழணும். எண்ணெய்ப் பிசுக்குல ஒட்டிக்கிட்டு மேலயே நின்னா, தண்ணியே இல்லாம கோடு வரும். அப்புறம் ஹோஸுக்குக் கீழயும் பம்ப் வாய்க்குக் கீழயும் டிஷ்யூ பேப்பரை விரிச்சு வைங்க. பாத்திரம் இல்லாம சின்ன புரோகிராம் ஒண்ணு ஓட்டுங்க. ஓடும்போது கையை உள்ள விடக் கூடாது, தள்ளி நின்னு டார்ச்ல பாருங்க. கடைசி டிரெயின் முடிஞ்சதும் பிளக்கை எடுத்துட்டு டிஷ்யூவைத் தொடுங்க. காஞ்சிருந்தா ஒரு ராத்திரி அப்படியே விட்டுட்டு காலையில திரும்பத் தொடுங்க. உங்களுக்கு ராத்திரி சொட்டின கதை இருக்கறதால இந்தக் காலைச் சோதனை முக்கியம்.

ஹோஸைத் தரையில போட்டு நேரா ஓட்டைக்குள்ள விடாதீங்க. மெஷினுக்குப் பின்னாடி தரையில இருந்து குறைஞ்சது 40 செ.மீ. உயரத்துக்குத் தூக்கி ஒரு வளைவு குடுத்துக் கட்டுங்க. சாக்கடைத் தண்ணி எதுத்து வராது, தொட்டித் தண்ணி பாதியில தானா இழுத்துக்கிட்டுப் போகாது. உங்க மாடலுக்கு எவ்வளவு உயரம் வரைக்கும் போகலாம்னு கையேட்டுல போட்டிருப்பாங்க, அதைத் தாண்ட வேணாம், பம்ப் திணறும்.

மணியன் தம்பி, துணியை எலி ஒரு ராத்திரியில இழுத்துப் போட்டுடும். தெர்மாகோலும் ஃபோமும் அதுக்குப் பஞ்சு மாதிரி. பாத்திரம் தேய்க்கற ஸ்டீல் கம்பி நாரைப் பைப்பைச் சுத்தி இறுக்கித் திணிச்சு, மேல சிமென்ட் பூசுங்க. பைப்பைக் கழட்ட வேண்டி வரும்னா சிமென்டுக்குப் பதிலா ரெண்டு துண்டு ஸ்டீல் வலையைப் பைப் அளவுக்கு வெட்டி ஸ்க்ரூ போட்டு அடிங்க. கேபினெட்டுக்குள்ள கேஸ் பைப் வர்ற ஓட்டையையும் சேர்த்துப் பாருங்க, எல்லாரும் மறக்கற இடம் அது.

எலி மருந்து மட்டும் வைக்காதீங்க. தின்னுட்டு மெஷினுக்குள்ளயே போய்ச் செத்தா, அந்த நாத்தத்தை எடுக்க மொத்த மெஷினையும் பிரிக்கணும். பொறிக்கூடு வைங்க, கூண்டுல விழுந்தது உறுதியான பிறகு ஓட்டையை அடைங்க. உள்ள வெச்சு அடைச்சுட்டா வெளிய போக வழி தேடி மிச்சத்தையும் கடிக்கும். கூட்டையும் புழுக்கையையும் வெறும் கையால அள்ளாதீங்க, கிளவுஸும் மாஸ்க்கும் போட்டு, பிளீச்சிங் கலந்த தண்ணியில நனைச்ச துணியால துடைச்சு எடுங்க. காஞ்ச துடைப்பத்தால கூட்டினா தூசி மூக்குல ஏறும்.

மீனா (மடிப்பாக்கம்):

அண்ணா, சரியாயிருச்சு. ஹோஸ் ரிச்சி ஸ்ட்ரீட் பக்கம் ஒரு ஸ்பேர்ஸ் கடையில கிடைச்சுது, ஆயிரம் ரூபாய்க்குள்ளதான். எலக்ட்ரீஷியன் அந்த ஒயரை மாத்திட்டார், ஆர்சிசிபி டெஸ்ட் பட்டன் விழுது. பொறியில எலி மாட்டுன பிறகு ஓட்டையைக் கம்பி நார், சிமென்ட் வெச்சு அடைச்சாச்சு. டிஷ்யூ ராத்திரியும் காஞ்சிருந்துச்சு, காலையிலயும் காஞ்சிருந்துச்சு. நேத்து முழு லோடு ஓட்டினோம். அத்தை கதவைத் திறந்து ஒவ்வொரு டம்ளரா எடுத்துப் பார்த்துட்டு, "அந்தத் தம்பிக்கு என் ஆசீர்வாதத்தைச் சொல்லு"ன்னாங்க.

ஒரு கேள்வி மட்டும். தகடு கழட்டியிருந்தப்ப, பின்னாடி தண்ணி உள்ள வர்ற பைப்போட கிளிப் கிட்ட வெள்ளையா சுண்ணாம்பு மாதிரி ஒரு கோடு கீழ வரைக்கும் இறங்கியிருந்துச்சு. ஈரம் இல்ல, காஞ்சிருக்கு. அதைப் பத்திக் கவலைப்படணுமா? எங்க அப்பார்ட்மென்ட்ல போர் தண்ணிதான், கோடையில லாரித் தண்ணி. டம்ளர்லயும் வெள்ளைப் படலம் இருக்கு. டிடிஎஸ் மீட்டர்ல 900 காட்டுது.

திருச்சி ஸ்பேனர்:

பெரியம்மாவுக்கு என் வணக்கம் சொல்லுங்க. அவங்க கை இனிமே அந்தச் சோப்புத் தண்ணியில படக் கூடாது, அதுதான் எனக்கு வேணும்.

அந்த வெள்ளைக் கோட்டைப் பார்த்து வெச்சது ரொம்ப நல்லது. உப்புத் தண்ணி கசிஞ்சு காஞ்சா இப்படித்தான் தடம் விடும். அந்த இடம், தண்ணியில இருக்கற சுண்ணாம்பைக் குறைக்கற, நாம உப்பு போடற மென்னீர் பாகத்துக்கு முன்னாடி இருக்கு, அதாவது போர் தண்ணி அப்படியே வர்ற இடம். அதனாலதான் அவ்வளவு வெள்ளை. கிளிப் கொஞ்சம் தளர்ந்து, எப்பவாவது ஒரு சொட்டு கசிஞ்சு காஞ்சிருக்கு. இன்னைக்குக் கோடு வர்ற அளவுக்கு இல்ல. ஆனா தகடு கழட்டற வேலை ஏற்கெனவே உங்களுக்குப் பழகிருச்சு, அந்த கிளிப்பையும் புதுசா மாத்திடுங்க. பழைய வெள்ளையை எலுமிச்சைச் சாறு தொட்ட துணியால துடைச்சு விடுங்க. அப்பத்தான் புதுக் கசிவு வந்தா தெரியும்.

டிடிஎஸ் 900ங்கறதை வெச்சு மெஷினை செட் பண்ண முடியாது. அது தண்ணியில கரைஞ்ச எல்லா உப்போட கணக்கு. டிஷ்வாஷருக்கு வேண்டியது கடினத்தன்மை, அதாவது கால்சியமும் மெக்னீசியமும் மட்டும். மீன் தொட்டி சாமான் விக்கற கடையில கடினத்தன்மை பார்க்கற சொட்டு மருந்துக் கிட் கிடைக்கும், அதுல பாருங்க. லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம்னு வந்தா 17.8-ஆல வகுங்க, ஜெர்மன் டிகிரி கிடைக்கும். கையேட்டுல அந்த டிகிரிக்கு நேரா ஒரு செட்டிங் எண் இருக்கும், அதைப் போடுங்க. குடிதண்ணிக்கு நம்ம நாட்டுத் தரக் கட்டுப்பாட்டுல 200 மி.கி. வரைக்கும் நல்லது, வேற தண்ணி இல்லன்னா 600 வரைக்கும் போகலாம்னு வெச்சிருக்காங்க. 600ன்னா ஏறக்குறைய 34 டிகிரி. உங்க ஏரியா போர்ல அதுக்குப் பக்கத்துல வந்தாலும் எனக்கு ஆச்சரியமில்ல. மெஷினோட செட்டிங் கடையில இருந்து வந்த எண்ணுலயே இருந்தா, டம்ளர்ல வெள்ளை வர்றது சகஜம்.

உப்பு, டிஷ்வாஷருக்குன்னு விக்கற பெரிய கல் உப்பையே போடுங்க. சமையல் தூள் உப்புல கட்டியாகாம இருக்கறதுக்கு வேற பொருள் கலந்திருப்பாங்க, அது மென்னீர் பாகத்தை அடைக்கும். 'ஆல் இன் ஒன்' மாத்திரை போட்டா உப்பே வேணாம்னு டப்பாவுல எழுதியிருக்கும். அது மிதமான தண்ணிக்குச் சரி, உங்க தண்ணிக்குப் பத்தாது. உப்பு நிரப்பும்போது சிந்தினதைத் துடைச்சிட்டு உடனே ஒரு புரோகிராம் ஓட்டிடுங்க, விட்டு வெச்சா உப்புத் தண்ணி தொட்டி ஸ்டீலை அரிக்கும். உப்பு மூடியை நல்லா இறுக்குங்க.

லாரித் தண்ணி வர்ற மாசத்துல கடினத்தன்மையைத் திரும்ப ஒரு தடவை பாருங்க, ஒவ்வொரு லாரிக்கும் மாறும். கிட்ல என்ன எண் வந்துச்சுன்னு இங்க போடுங்க, செட்டிங்கை நான் பார்த்துச் சொல்றேன்.